தில்லை இசைக் கல்லூரி: வரலாறும் கடமையும்



தமிழை இயல், இசை, கூத்து என மூன்றாக வகுத்தனர் முன்னோர். இம்மூன்றனுள் இயலை ஏட்டில் காத்தனர், அச்சில் ஏற்றினர், பள்ளியில் கற்பித்தனர். கூத்தைத் தெருவில் விட்டனர். இசையையோ, தம் மனையில் பிறந்த பிள்ளையை அயலான் பிள்ளையென்று வாயிலில் நிறுத்துவார்போல், நெடுங்காலம் வெளியே நிறுத்தி வைத்தனர். அப்பிள்ளையைக் கைப்பற்றி உள்ளே அழைத்துவந்த நிறுவனங்களுள் முதன்மையானது, தில்லையாகிய சிதம்பரத்தில் 1929-ஆம் ஆண்டு தோன்றிய இசைக் கல்லூரி. அது எவ்வாறு தோன்றியது, எதற்காக நின்றது, இனி எதற்காக நிற்றல் வேண்டும் என்பவற்றை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஒரு பள்ளியின் வரலாறு என்றால், கட்டடம் எழுந்த ஆண்டு, கொடையாளர் பெயர், முதல்வர்களின் வரிசை என்று அடுக்கிச் செல்வது வழக்கம். அவையும் வேண்டுவனவே. ஆயினும் இசைப்பள்ளியை அளப்பதற்கு வேறொரு கோல் உண்டு. அங்குப் பயிலும் மாணவன் எம்மொழியில் பாடுகின்றான்? எம்மொழியில் இசையிலக்கணம் கற்கின்றான்? தான் பாடுவதன் பொருள் அவனுக்கு விளங்குகின்றதா? கேட்போர்க்கு விளங்குகின்றதா? இக்கோல்கொண்டு அளந்தால்தான் தில்லைக் கல்லூரியின் பெருமையும் குறையும் ஒருங்கே புலனாகும்.

முன்னோர் நடத்திய இசைப்பள்ளி

இசைப்பள்ளி என்பது மேலையர் வந்து கற்றுக்கொடுத்த புதுமையன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் புரட்டிப் பாருங்கள். மாதவி ஐந்தாம் அகவையில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு முறையாகப் பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறுகின்றாள். அவளுக்குக் கற்பித்தவர் ஒருவரல்லர். ஆடலாசான், இசையாசான், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் எனத் துறைக்கு ஒருவராக நின்றனர். ஒவ்வோர் ஆசானும் இன்ன இன்ன அறிந்திருத்தல் வேண்டும் என்று இளங்கோவடிகள் இலக்கணமே வகுத்துரைக்கின்றார். அவ்வரிசையில் பாடலாசிரியனாகிய புலவனுக்கும் இடமிருப்பதை நோக்குக. இசை கற்பிக்கும் இடத்தில் தமிழ்ப் புலவன் இருந்தாக வேண்டும் என்பது பண்டைத் தமிழர் கொள்கை. மொழியை விலக்கிய இசைப்பயிற்சி அவர்கள் அறியாதது.

அடுத்துத் தஞ்சைக்கு வருவோம். 1010-ஆம் ஆண்டளவில் பெரிய கோயிலை எடுப்பித்த இராசராசன், அங்குத் திருப்பதியம் பாடுதற்கு நாற்பத்தெண்மரையும், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் ஆக ஐம்பதின்மரை அமர்த்தினான். ஒருவர்க்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் என்று ஊதியமும் கல்லில் வெட்டி வைத்தான். ஐம்பது தமிழிசைவாணர்க்கு அரசின் பொருளிலிருந்து நாள்தோறும் சோறு! இது ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய செய்தி.

தில்லைக்கும் இசைக்கும் உள்ள உறவு இதனினும் நெருங்கியது. மூவர் பாடல்கள் தில்லைக் கோயிலின் ஓர் அறையுள் பூட்டுண்டு, செல்லரித்துக் கிடந்தனவென்றும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அவற்றை மீட்டனரென்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். மீட்ட பாடல்களுக்குப் பண் தெரியவில்லை. அப்போது எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தி பண் வகுத்துத் தந்தாள் என்பது அந்நூல் சொல்லும் செய்தி. எழுத்தைக் காத்தது ஏடு. இசையைக் காத்தது பாணர் குலத்துப் பெண்ணின் தொண்டை. வேந்தனும் அந்தணாளனும் அவள் முன்சென்று கேட்டுப் பெற வேண்டியிருந்தது. இசைப்பள்ளிகள் அனைத்தும் வாயிலில் எழுதி வைக்கத்தக்க வரலாறு இது.

இசையின் மொழி மாறிய வகை

இத்தகைய நாட்டில் தமிழ்ப் பாடல் மேடையிழந்தது எவ்வாறு? தஞ்சையை நாயக்கரும், அவர்க்குப் பின் மராட்டியரும் ஆண்டனர். 1855-இல் மராட்டியர் ஆட்சி முடியும்வரை, அரசவையின் பரிசும் பொன்னாடையும் தெலுங்குக்கும் வடமொழிக்குமே மிகுதியும் சென்றன. அரசவை விரும்பிய மொழியில் பாடுவோர் வாழ்ந்தனர், மற்றையோர் வாடினர். அக்காலத்தில்தான் சீர்காழியைச் சூழ்ந்த சிற்றூர்களில் முத்துத்தாண்டவரும், அருணாசலக் கவிராயரும், தில்லைவிடங்கன் மாரிமுத்தாப்பிள்ளையும் இனிய தமிழ்க் கீர்த்தனைகளை இயற்றினர். கவிராயர் 1779-இலும் மாரிமுத்தாப்பிள்ளை 1787-இலும் மறைந்தனர். திருவையாற்றுத் தியாகராசர் முதலிய மூவர் புகழ்பெறுவதற்கு முன்னரே, எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்னும் உறுப்புகளோடு கீர்த்தனை வடிவைத் தமிழில் ஆண்டு காட்டியவர் இவர்கள். ஆயினும் திருவாரூர் மூவரை அறிந்த தமிழருள் சீர்காழி மூவரை அறிந்தவர் எத்துணைப் பேர்?

இங்கு ஒன்று தெளிவாகச் சொல்லப்படல் வேண்டும். தியாகராசர்மேல் தமிழர்க்குப் பகையில்லை. அவர் பிறந்து வாழ்ந்தது தமிழ் மண். அவர்தம் தாய்மொழி தெலுங்கு. தாய்மொழியில் பாடினார், உள்ளம் உருகிப் பாடினார், அதனால் நிலைபெற்றார். அவரைப் போற்றுவோர் அவரிடம் கற்க வேண்டிய முதற்பாடம் அதுவே. அவர் தம் தாய்மொழியில் பாடியது போல் தமிழன் தன் தாய்மொழியில் பாடுவதே அவர்க்குச் செய்யும் சிறப்பு. அவர் பாட்டின் பொருளறியாமல் எழுத்தைச் சிதைத்துப் பாடுவது அவர்க்கும் இழிவு, தமிழ்க்கும் இழிவு.

வழி வெட்டிய பெரியோர்

கல்லூரி தோன்றுமுன்னே நிலத்தைப் பண்படுத்தியவர் இருந்தனர். உ. வே. சாமிநாதர் 1892-இல் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையொடு பதிப்பித்தார். அதன்பின்னரே குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைப் பெயர்கள் கற்றோர் நாவில் மீண்டும் புழங்கலாயின.

அவ்வுரையை வைத்துக்கொண்டு இசைக்கணக்கையே ஆய்ந்தவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1859-இல் நெல்லைச் சீமையின் சாம்பவர் வடகரையில் பிறந்த அவர், மருத்துவத்தால் பெரும்பொருள் ஈட்டினார். ஈட்டியதை இசைக்குச் செலவிட்டார். 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகளைத் தம் பொருளில் நடத்தினார், 1916-இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டிற்குச் சென்று தம் முடிவுகளை அவைமுன் வைத்தார், 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார், 1919-இல் மறைந்தார். இன்று கருநாடக இசை என்று வழங்குவது பழந்தமிழிசையே என்று நிறுவ முனைந்த அவர்தம் உழைப்பு, அக்காலத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் செய்யாதது. தனியொரு மருத்துவர் செய்ததை ஒரு நிறுவனம் தொடர வேண்டிய வேளை வந்தது. அந்நிறுவனம் தில்லையில் எழுந்தது.

1929: கல்லூரி எழுந்தது

செட்டிநாட்டு அரசர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். அது வளர்ந்து 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அவ்வாண்டிலேயே அவர் இசைக்கெனத் தனிக் கல்லூரியும் கண்டார். அது பின்னர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

அதுவரை இசை கற்க விரும்பியவன் ஆசான் வீட்டில் தங்கி, தண்ணீர் சுமந்து, ஏவல் செய்து, ஆசான் மனம் கனியுங்கால் ஒரு பாடல் கற்பான். ஆசானுக்கு வேண்டிய குலத்தவனாகவும் அவன் இருத்தல் வேண்டும். கல்லூரி வந்தபின், பாடத்திட்டம், கால அளவு, தேர்வு, பட்டம் என்று ஒழுங்கு வந்தது. இசையறிவு சில வீடுகளின் முதுசொமாக இருந்த நிலை தளர்ந்து, கற்க விழைவார்க்குக் கதவு திறந்தது. இம்மாற்றத்தின் பயன் சிறிதன்று.

ஆசிரியப் பெருமக்களும் சிறியரல்லர். தொடக்கக் காலத்தில் தலைமையேற்ற சபேச ஐயர், மகாவைத்தியநாத ஐயரின் மாணவர். அம்மகாவைத்தியநாத ஐயரின் தமையன் இராமசாமி சிவன்தான் பெரியபுராணக் கீர்த்தனையைத் தமிழில் இயற்றியவர். தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோரின் மரபில் வந்த பொன்னையா பிள்ளை அங்குக் கற்பித்தார். ‘டைகர்’ என்று பெயர்பெற்ற வரதாச்சாரியாரும் கற்பித்தார். சென்னை மியூசிக் அகாதெமியின் ஆண்டு மாநாட்டிற்கு 1932, 1933, 1934 ஆகிய மூன்றாண்டுகளில் தலைமையேற்றவர்கள் முறையே வரதாச்சாரியார், பொன்னையா பிள்ளை, சபேச ஐயர். மூவரும் தில்லைக் கல்லூரியில் பணிபுரிந்தோர் என்றால், அதன் தரம் எத்தகையது என்று தனியே சொல்ல வேண்டுவதில்லை.

ஆயினும் முன்னே சொன்ன கோலை இங்கே எடுத்து அளக்க வேண்டும். அவ்வாசிரியர்கள் தாம் கற்றதைக் கற்பித்தனர். கற்றதோ பெரும்பாலும் தெலுங்குக் கீர்த்தனைகள். கல்லூரி வழங்கிய பட்டத்தின் பெயர் ‘சங்கீத பூஷணம்’. தில்லைக் கோயிலின் மணியோசை கேட்கும் தொலைவில், மாரிமுத்தாப்பிள்ளை நடந்த மண்ணில், தமிழர் பொருளால் எழுந்த கல்லூரியில், தமிழ் மாணவன் பிறமொழிப் பாடல்களையே மிகுதியும் மனப்பாடம் செய்தான். ஆசிரியர் திறத்தில் குறையில்லை. குறை, காலங்காலமாக வந்த பழக்கத்தில் இருந்தது. நிறுவியவர் அதனைக் கண்டார். கண்டு வாளா இருந்திலர்.

1941: குறிக்கோள் பிறந்தது

தமிழ்ப் பாடல்கள் இயற்றப்பெறவும் பரவவும் அண்ணாமலையரசர் பொருள் ஒதுக்கினார், பரிசுகள் அறிவித்தார். 1941-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. தமிழ்நாட்டு இசையரங்குகளில் தமிழ்ப் பாடல்களே மிகுதியும் பாடப்பெறல் வேண்டும். இசைப்பள்ளிகளில் அவற்றையே கற்பித்தல் வேண்டும். வானொலியும் அவற்றிற்கே முதலிடம் தரல் வேண்டும் என்னும் வேட்கை அங்கு ஒருமுகமாக ஒலித்தது. பன்னிரண்டு ஆண்டு நடந்த கல்லூரிக்கு அன்றுதான் குறிக்கோள் பிறந்தது எனலாம்.

எளிய வேண்டுகோள் இது. தெலுங்கு நாட்டில் தெலுங்கில் பாடுக என்றால் யாரும் வியவார். தமிழ்நாட்டில் தமிழில் பாடுக என்றதற்கோ பெரும்புயல் எழுந்தது. சென்னை மியூசிக் அகாதெமி அவ்வாண்டே எதிர்முடிவு நிறைவேற்றியது. இசையின் உயர்தரத்தையே நோக்க வேண்டும். மொழியை அளவாகக் கொள்ளலாகாது என்பது அதன் சாரம்.

எதிர்த்தோர் கூற்றையும் நடுநின்று நோக்குவது முறை. இசைக்கு மொழியில்லை என்றனர். குழலிலும் யாழிலும் எழும் இசைக்கு மொழியில்லை என்பது மெய்யே. அங்ஙனமாயின் தமிழில் பாடினும் அதே இசைதானே? தமிழில் பாடினால் மட்டும் இசையின் தரம் எங்ஙனம் குறையும்? மொழியே வேண்டாதவர் தமிழ்மொழியை மட்டும் வேண்டாமென்றது ஏன்? இவ்வினாவிற்கு அன்று விடையில்லை. தமிழில் போதிய பாடல்கள் இல்லை என்றனர் சிலர். பண்ணோடு பாடப்பெற்ற எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட திருமுறைப் பாடல்களும், சீர்காழி மூவர் கீர்த்தனைகளும், கோபாலகிருட்டிண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையும் கண்முன் கிடக்க, இல்லை என்றது அறியாமை. அறிந்தே சொல்லியிருப்பின் அதனினும் கொடியது.

தமிழிசையின் பக்கம் நின்றோரையும் நன்றியோடு நினைத்தல் வேண்டும். இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், ‘கல்கி’ கிருட்டிணமூர்த்தி, இராசாசி, ஆர். கே. சண்முகம் செட்டியார் ஆகியோர் எழுத்தாலும் பேச்சாலும் அரண் செய்தனர். குலத்தாலும் அரசியலாலும் வேறுபட்ட பலர் மொழியால் ஒன்றுபட்டு நின்றனர் என்பது எண்ணத்தக்கது. தமிழ் என்பது ஒரு கூட்டத்தாரின் உடைமையன்று; வாயுள்ள தமிழர் அனைவர்க்கும் உரியது.

தில்லையின் கிளைகள்

மாநாட்டில் மூண்ட தீ சென்னையில் விளக்காயிற்று. 1943-இல் தமிழிசைச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டுத் திசம்பரில் முதல் இசைவிழா நடந்தது. 1944-இல் தமிழிசைக் கல்லூரி திறக்கப்பெற்றது. 1948-இல் அண்ணாமலையரசர் மறைந்தார். அவர்தம் மகனார் முத்தையச் செட்டியார் பணியைத் தொடர்ந்தார். 1949 முதல் பண்ணாராய்ச்சி மாநாடு கூடலாயிற்று. 1952-இல் இராசா அண்ணாமலை மன்றம் எழுந்தது.

பட்டத்தின் பெயரொன்றைக் கொண்டே காலத்தின் மாற்றத்தை அறியலாம். 1929-இல் தோன்றிய கல்லூரி ‘சங்கீத பூஷணம்’ என்றது. 1944-இல் தோன்றிய கல்லூரி ‘இசைமணி’ என்றது. இடையில் கழிந்தவை பதினைந்து ஆண்டுகள். இசைமணிப் பட்டம் பெற்றவருள் ஒருவர் சீர்காழி கோவிந்தராசன். அவர்தம் வெண்கலக் குரல் சென்ற இடமெல்லாம் தமிழ் எழுத்துகள் சிதையாமல் ஒலித்தன. ழகரமும் றகரமும் இசையில் எவ்வளவு இனியவை என்று பாமரரும் உணர்ந்தனர். தமிழ் வல்லோசை மிக்கது, இசைக்கு ஒவ்வாதது என்றவர்க்கு அக்குரலே மறுமொழி.

தில்லையில் பயின்றவருள் எசு. இராமநாதனைக் குறிப்பிடல் வேண்டும். பாடகராக மட்டும் அமையாமல் சிலப்பதிகார இசையை ஆய்ந்து, 1956-இல் ‘சிலப்பதிகாரத்து இசைநுணுக்க விளக்கம்’ என்னும் நூல் எழுதினார். பழைய உரையாசிரியர் சொற்களைத் தொண்டையில் ஏற்றிப் பாடிக் காட்டவல்ல இசைப்புலவர் அவர். ஏட்டுப்புலமையும் பாட்டுப்புலமையும் ஓரிடத்தில் கூடுதற்கு இசைப்பள்ளி எத்துணைத் துணைசெய்யும் என்பதற்கு அவரே சான்று.

அப்பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் 1931-இல் வந்தவர் ஈழத்து விபுலானந்தர். இழந்துபோன யாழின் இலக்கணத்தைக் கணக்கிட்டு அவர் ஆக்கிய யாழ்நூலைக் கரந்தைத் தமிழ்ச் சங்கம் பதிப்பிக்க, 1947-இல் திருக்கொள்ளம்புதூர்த் திருக்கோயிலில் அது அரங்கேறிற்று. அவ்வாண்டே அவர் மறைந்தார். மொழிஞாயிறு பாவாணரும் 1956 முதல் 1961 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தார். சொல்லாய்வில் கடல்போன்ற அவர், இசையிலும் தோய்ந்தவர். ‘இசைத்தமிழ்க் கலம்பகம்’ என்று தாமே பாடல் நூல் இயற்றியவர்.

ஓதுவார் மரபு தலைமையேற்றது

கல்லூரியின் வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்க காலம், தண்டபாணி தேசிகர் இசைத்துறைக்குத் தலைமையேற்ற காலம். 1908-இல் திருச்செங்காட்டங்குடியில் ஓதுவார் மரபில் பிறந்தவர் அவர். ஓதுவாரென்றால் யார்? இராசராசன் முக்குறுணி நெல் கொடுத்துப் போற்றிய மரபினர். பிற்காலத்தில் கோயில் மூலையில் நின்று, வழிபாடு முடிந்தபின் இரண்டு பாட்டுப் பாடிவிட்டுப் போகும்படி தள்ளப்பெற்றவர். மேடைப் பாடகர் அவரைத் தமக்கு இணையாக மதித்திலர். அம்மரபில் வந்த ஒருவர், 1942-இல் வெளிவந்த நந்தனார் திரைப்படத்தால் நாடறிந்த பாடகராகி, 1950-களிலும் 1960-களிலும் ஒரு பல்கலைக்கழகத்தின் இசைத்தலைவராக அமர்ந்தார். 1957-இல் தமிழிசைச் சங்கம் அவரை ‘இசைப்பேரறிஞர்’ என்று போற்றியது. எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணுக்கு அன்று கிடைத்த மதிப்பு, அவள் மரபினர்க்கு நெடுங்காலத்திற்குப்பின் மீண்டும் கிடைத்தது எனலாம்.

பல்கலைக்கழகம் தமிழிசைப் பாடல்களை இசைக்குறிப்போடு நூல்தொகுதிகளாக வெளியிட்டதும் அருந்தொண்டு. பாடலைப் பாடமறிந்தவர் மறைந்தால் பாட்டும் மறைந்துபோம். குறிப்போடு அச்சானால், நேரில் காணாத மாணவனும் கற்பான். ‘தமிழில் பாட்டில்லை’ என்றவர் கையில் அத்தொகுதிகளை வைத்தால் போதும்.

சொல்லை மீட்டால் கலை மீளும்

இனிக் குறையைப் பேசுவோம். பாட்டின் மொழியை ஓரளவு மீட்டோம். பாடத்தின் மொழியை மீட்டோமா? இசை கற்கும் குழந்தையைக் கேளுங்கள். இராகம், ஆலாபனை, ஆரோகணம், அவரோகணம், சுருதி, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அடுக்கும். இவை அனைத்திற்கும் தமிழ்ச்சொல் உண்டு. இராகத்திற்குப் பண். ஆலாபனைக்கு ஆளத்தி, இது இன்று நேற்று ஆக்கிய சொல்லன்று, அடியார்க்குநல்லார் ஆண்ட சொல். ஆரோகணம், அவரோகணத்திற்கு ஆரோசை, அமரோசை. சுருதிக்கு அலகு. பல்லவி முதலிய மூன்றிற்கும் எடுப்பு, தொடுப்பு, முடிப்பு.

பெயரில் என்ன இருக்கின்றது என்பார் உளர். பெயரில்தான் பட்டா இருக்கின்றது. நீலாம்பரி என்று கற்கும் மாணவன் அது மேகராகக்குறிஞ்சி என்று அறிந்தால், சம்பந்தர் காலத்துப் பண்ணொன்று தன் தாயின் தாலாட்டில் வாழ்வதை உணர்வான். பைரவி பாடுபவன் அது கௌசிகம் என்று அறிந்தால், மாயாமாளவகௌளையில் முதற்பாடம் கற்கும் சிறுவன் அது இந்தளம் என்று அறிந்தால், தன் பாட்டன் நிலத்தில் தான் நிற்பதை அறிவான். பெயர் மறைந்தால் உரிமை மறையும். உரிமை மறைந்தால், சொந்த நிலத்திலேயே குத்தகைக்காரனாய் நிற்க நேரும்.

இசையறிஞர் வீ. ப. கா. சுந்தரம் தமிழிசைக் கலைக்களஞ்சியத்தை நான்கு தொகுதிகளாக ஆக்க, பாரதிதாசன் பல்கலைக்கழகம் வெளியிட்டது. சொற்கள் இல்லை என்று இனி எவரும் சாக்குரைக்க இயலாது. களஞ்சியம் நிரம்பிக் கிடக்கின்றது. அள்ளி உண்ணும் கைதான் வேண்டும்.

எஞ்சியுள்ள கடன்

1941-இல் கேட்டது கிடைத்துவிட்டதா என்று வினவினால், பாதி கிடைத்தது என்பதே நேரிய விடை. இன்று முழுதும் தமிழிலேயே அரங்கு நடத்தும் பாடகர் உளர், அவர்க்கு வணக்கம். மாவட்டங்கள் பலவற்றில் அரசு நடத்தும் இசைப்பள்ளிகளில் தேவாரம், நாதசுரம், தவில் ஆகியவை பாடங்களாக உள்ளன, மகிழ்ச்சி. ஆயினும் மார்கழி மேடைகள் பலவற்றில், ஒரு மணிநேரம் விரித்துப் பாடும் முதன்மைப் பாடல் இன்னும் பிறமொழிக்கே போகின்றது. தமிழ்ப் பாடல் இறுதியில், கேட்போர் எழுந்து செருப்புத் தேடும் வேளையில், ‘துக்கடா’ என்னும் பெயரோடு வருகின்றது. துக்கடா என்றால் துண்டு. விருந்தை அயலார்க்குப் படைத்துவிட்டு, வீட்டுக்குரியவனுக்குத் துண்டு கொடுப்பது எந்நாட்டு முறை?

தில்லையிலேயே நிகழ்ந்ததை நினையுங்கள். தேவாரம் மீட்கப்பெற்றதாகப் போற்றப்பெறும் அக்கோயிலின் சிற்றம்பல மேடையில் நின்று தமிழ்ப் பதிகம் பாடுவதற்கு, 2008-ஆம் ஆண்டில் அரசாணை வேண்டியிருந்தது. முதிய சிவனடியார் ஒருவர் காவலர் துணையோடு சென்றே பாட நேர்ந்தது. இசைக் கல்லூரி தோன்றி எழுபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தபின், அதே ஊரில் நடந்தது இது. ஒரு கல்லூரி மட்டும் எல்லாவற்றையும் மாற்றிவிடாது என்பதற்கும், அதன் பணி முடியவில்லை என்பதற்கும் வேறு சான்று வேண்டா.

2013-இல் தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் இயற்றி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் கொண்டது. ஒரு வள்ளலின் கொடையாய்த் தொடங்கிய நிறுவனம் அன்றுமுதல் தமிழ் மக்களின் பொதுவுடைமை. வள்ளலிடம் வேண்டலாம், பொதுவுடைமையில் கேட்கலாம். தமிழர் கேட்கத்தக்கவை நான்கு.

ஒன்று, இசையிலக்கணப் பாடம் அனைத்தும் தமிழ்ச் சொற்களால் அமைதல் வேண்டும். பிறர் வழக்கு அறிய வேண்டுமாயின், அடைப்புக்குள் அச்சொல் நிற்கட்டும். தமிழ்ச்சொல் அடைப்புக்குள் நிற்கும் இழிநிலை வேண்டா.

இரண்டு, ஓதுவார் ஒருவரேனும் ஆசிரியராய் அமராத இசைத்துறை தமிழ்நாட்டில் இருத்தலாகாது. இளங்கோவடிகள் சொன்னதுபோல், தமிழ்ப்புலவர் ஒருவரும் அங்கு அமர்தல் வேண்டும். பாடலின் சொற்பொருளும் சீரும் அசையும் அறியாமல் பண்ணின் முழுமை விளங்காது.

மூன்று, 1949 முதல் பண்ணாராய்ச்சியில் கண்ட முடிவுகள் மாநாட்டு மலரோடு நின்றுவிடாமல் வகுப்பறைக்கு வருதல் வேண்டும். அறிஞர்தம் அவையில் ஒப்பியதை ஆறாம் வகுப்புச் சிறுவன் பாடும்போதுதான் ஆராய்ச்சி பயன்பெறும்.

நான்கு, தேர்வுக்கு வரும் மாணவன் முதன்மைப் பாடலைத் தமிழில் விரித்துப் பாடிக்காட்டல் வேண்டும். ஆளத்தி, கோவை, பாட்டு மூன்றும் தமிழ்ப் பாடலில் நிகழ்த்தப் பயின்றவன், நாளை மேடையேறும்போது அதனைத் துக்கடாவாகத் தள்ளான். மேடையின் வழக்கத்தை மேடையில் மாற்றுவது அரிது. பள்ளியில் மாற்றுவது எளிது. இசைப்பள்ளியின் உண்மையான ஆற்றல் இதில்தான் உள்ளது.

இந்நான்கிற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. 1929-இல் கட்டடம் எழுப்பப் பொருள் வேண்டியிருந்தது; அதனைத் தந்தவர் தந்தார். இப்போது வேண்டுவது உறுதி.

நூறாண்டை நோக்கி

2029-இல் அக்கல்லூரிக்கு நூறாண்டு நிறையும். விழா எடுப்பார்கள், மலர் வெளியிடுவார்கள், படத்திறப்பும் நடக்கும். அவை நடக்கட்டும். அந்நாளில் ஒரு மாணவி மேடையேறி, முத்துத்தாண்டவர் பாடலொன்றை எடுத்து, ஆளத்தி செய்து, எடுப்பும் தொடுப்பும் முடிப்புமாய் ஒருமணி நேரம் பாடி, அவையிலுள்ள உழவனும் தையற்காரனும் ஒவ்வொரு சொல்லையும் உணர்ந்து தலையசைப்பார்களானால், அதுவே அண்ணாமலையரசர்க்கும், ஆபிரகாம் பண்டிதர்க்கும், தண்டபாணி தேசிகர்க்கும் எடுக்கும் உண்மையான விழா.

அதற்குப் பெற்றோர் செய்ய வேண்டியதும் உண்டு. பிள்ளையை இசை வகுப்பில் சேர்க்கும்போது, ‘தமிழ்ப் பாட்டு எத்தனை கற்பிப்பீர்கள்?’ என்று ஆசிரியரிடம் கேளுங்கள். திருமண வீட்டில் இசையரங்கு வைத்தால், ‘தமிழில் பாடுக’ என்று எழுதிக்கொடுத்து அமர்த்துங்கள். ஊர்க்கோயிலில் ஓதுவார் பாடுங்கால் நின்று கேளுங்கள். பாடி முடிந்ததும் அவரிடம் சென்று, அது என்ன பண் என்று வினவுங்கள். கேட்பாரில்லாத இசை தேய்ந்து மறையும். கேட்பார் பெருகின், நாற்பத்தெண்மர் பாடிய நாடு நாலாயிரவர் பாடும் நாடாகும்.

வாழ்க தமிழ்! ஓங்குக தமிழிசை!